பதிவு: ஃபாயிக் அத்தார் பெயரில்

பிரேமன், 3 பிப்ரவரி 2025

மிக்தாத்துக்கு,

நாம் பேச்சை நிறுத்தி இத்தனை வருடம் ஆகிவிட்டதால், யார் முதலில் இறங்கி வருவது என்பதே உனக்கு மறந்துபோயிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவர் என் பல் மருத்துவரின் மாமியார். டமாஸ்கஸுக்கும் இங்கேயுமாகப் போய்வருகிறவர். பதிலை அவரிடமே கொடு. அவருக்குக் கணினி தெரியாது, ஆகவே நம்பகமானவர்.

முதலில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கே ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் சில ஜெர்மானியர்கள் கூடுகிறார்கள். எல்லாரும் நம் வயது. தொப்பை, முதுகுவலி, ஓய்வூதியம் பற்றிய கவலை. ஆளுக்கொரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் விண்டோஸ் 98ஐ நிறுவுகிறார்கள். எதற்காக என்று கேட்டேன். நிறுவுவதற்காக என்றார்கள். முடிந்ததும் அந்தப் பச்சை கலந்த நீலத் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள், கேக் சாப்பிடுகிறார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முதலிலிருந்து. இதைவிட அர்த்தமுள்ள வழிபாடு அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் நடப்பதாகத் தெரியவில்லை.

நானும் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. அந்தச் சாம்பல் நிறப் பொத்தான்கள் உனக்கு நினைவிருக்கும். விளிம்பு மேடிட்டு, அழுத்தினால் உள்ளே போகும். இப்போது வரும் பொத்தான்கள் தாங்கள் பொத்தான்கள் என்று ஒப்புக்கொள்ளவே கூச்சப்படுகின்றன. அந்த நீலப் பட்டை மெல்ல நிரம்பும், இன்னும் இத்தனை நிமிடம் என்று வாக்குக் கொடுக்கும், வாக்கை மீறும், மன்னிப்புக் கேட்காது. நம் ஊர் அரசாங்கத்தைப் போலத்தான். ஆனால் இது கடைசியில் முடிந்துவிடும்.

நடுவில் ஒரு கட்டம் வரும் அல்லவா, உங்கள் பெயர் என்ன என்று. டீட்டர் ‘டீட்டர்’ என்று அடித்தான். ஊவே ‘ஊவே’ என்று அடித்தான். எந்தத் தயக்கமும் இல்லை. எனக்குக் கை வரவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று நினைத்து டீட்டர் உதவிக்கு வந்துவிட்டான்.

நாம் மூன்று பேரும் நடத்திய கணினிக் கடையின் சிடி யாரிடமும் பெயர் கேட்காது. எல்லாக் கேள்விக்கும் பதிலை ஃபாயிக் முன்கூட்டியே எழுதி உள்ளே வைத்திருந்தான். சிடியைப் போட்டால் போதும், காப்பி குடித்துவிட்டு வரலாம். பெயர்க் கட்டத்தில் அவன் பெயர். திறந்ததும் மணியோசைக்குப் பதிலாக அவன் குரல்: “வாங்க வாங்க! செருப்பைக் கழட்ட வேணாம், காப்பி அடுப்புல இருக்கு!”

போன பெருநாளைக்கு ஃபாயிக்கின் மகள் லுஜைனோடு பேசினேன். அப்பா முகத்தைப் பார்க்காமலே வளர்ந்த பெண், இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளாமே. “அப்பா எப்படிப் பேசுவாரு, பிஷ்ர் சாச்சா?” என்று கேட்டாள். அவள் அம்மா போன பிறகு கேட்க வேறு ஆளில்லை. அன்று அவர்கள் வீட்டைச் சோதனை போட்டபோது கேசட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். படங்கள் மட்டும் மிச்சம். நான் அவளிடம் சொல்லிவிட்டேன்: “ஒரு சிடியில இருக்கும்மா. எடுத்துத் தர்றோம்.”

சொல்லிவிட்டேன், மிக்தாத். தேடு.

பிஷ்ர்

*

டமாஸ்கஸ், பஹ்ஸா, 27 பிப்ரவரி 2025

பிஷ்ருக்கு,

மாமியார் வந்தார். கடிதத்தைக் கொடுத்தார். கூடவே எனக்கு அனுப்பிய சாக்லேட்டைப் பயணத்தில் தானே சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னார். நம்பகமானவர்தான்.

கையால் எழுதுகிறேன். காகிதத்தில் நாமாக எழுதினால் ஒழிய யார் பெயரும் ஏறாது.

உன் ஜெர்மானியர்கள் சனிக்கிழமை பெருமூச்சு விட்டுச் செய்வதை நான் நேற்று மதியம் ஓர் அலுவலகத்தில் செய்துவிட்டு வந்தேன். அங்கே இன்னும் அதே பெட்டி, அதே சாம்பல் பொத்தான். யாரும் பெருமூச்சு விடவில்லை. பாதியில் மின்சாரம் போயிற்று. குமாஸ்தா, “நாளைக்கு வா” என்றார். இதற்கெல்லாம் ஏங்க வேண்டுமென்றால் முதலில் இதை விட்டுவிட்டுப் போக வேண்டும். நீ போனாய், அதனால் உனக்கு ஏக்கம். எனக்கு வெறும் புதன்கிழமை.

நீ கேட்கும் சிடி என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தானே பேச்சை நிறுத்தினாய்.

உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். நீ படிக்கப் போனதற்கு அடுத்த வசந்தம். நம் சிடி போட்ட ஏதோ ஒரு வீட்டுக் கணினியில் யாரோ ஒரு புண்ணியவான் அரசாங்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் கேலிக்கட்டுரை அடித்து, பெயர் போடாமல், ஃப்ளாப்பியில் சுற்றுக்கு விட்டான். ஃப்ளாப்பி போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. அங்கே ஒருவன் கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தான். எழுதியவர்: ஃபாயிக் அத்தார். நிறுவும்போது என்ன பெயரோ, வேர்ட் அதையே போட்டுக்கொள்ளும் என்று நம் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றாக எழுதப்பட்ட கட்டுரை. ஃபாயிக் அதை எழுதவில்லை என்று நிரூபிக்க லுஜைனின் அம்மா இக்லாஸுக்கு அவன் எழுதிய காதல் கடிதம் ஒன்றே போதும். யாரும் கேட்கவில்லை. பிடிக்க வந்தபோது ஃபலாஃபில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “இதை முடிச்சிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். விடவில்லை.

அதன் பிறகு ஊரில் எத்தனை வீட்டில் அவன் பெயர் இருந்தது என்று யோசித்துப் பார். யார் எதை அடித்தாலும் அது அவன் எழுதியது. உள்ளே இருந்துகொண்டே தினமும் புதுக் குற்றம் செய்துகொண்டிருந்தான். நான் வீடு வீடாகப் போனேன். பெட்டியைத் திறப்பேன். “வாங்க வாங்க” என்பான். அழிப்பேன். அடுத்த வீடு. எல்லா வீட்டிலும் என்னை வரவேற்றான். எல்லா வீட்டிலும் அழித்தேன். சிடிகளை வாங்கிவந்து கத்தரியால் வெட்டினேன். அதற்குத்தான் நீ அங்கிருந்து என்னைக் கோழை என்று எழுதினாய். அங்கே தைரியம் எளிதாகக் கிடைக்கிறது போலிருக்கிறது.

டிசம்பரில் ஆட்சி விழுந்து சிறைக் கதவுகள் திறந்தபோது லுஜைனும் நானும் போனோம். வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் அவன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வந்தவர்களில் அவன் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பெயர்களிலும் இல்லை. ஊர் முழுக்க ஏறிய பெயர், அங்கே மட்டும் ஏறவில்லை.

அந்தப் பெண்ணிடம் இனி எதையும் சொல்லாதே.

மிக்தாத்

*

பிரேமன், 15 மார்ச் 2025

மிக்தாத்துக்கு,

நோன்பு நேரத்தில் சண்டை வேண்டாம். கோழை என்று எழுதியது தப்பு. அப்போது எனக்கு ஜெர்மன் தெரியாது; கோபத்தைக் காட்ட அரபியில் உன்னைத் தவிர ஆளில்லை.

ஆனால் அழித்தது அழித்ததுதான். நீ காப்பாற்றியது வாடிக்கையாளர்களை. அவர்களில் ஒருவன்தான் அந்தக் கட்டுரையை எழுதியவன். அவனும் உன் கையால் சுத்தமாக்கப்பட்ட கணினியோடு வாசலில் நின்று “அல்லாஹ் உனக்கு நன்மை செய்யட்டும்” என்று சொல்லியிருப்பான். நீயும் ஆமீன் சொல்லியிருப்பாய்.

நீ ஒரு வீட்டை விட்டுவிட்டாய். பாப் தூமாவில் மேடம் வார்தூஹி, பூகோள டீச்சர். கணினியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னதாக அப்போது நீயே எழுதியிருந்தாய். அந்த அம்மாள் தன் கணவரின் உடைந்த குடையைக்கூடக் குப்பையில் போட்டதில்லை. போய்ப் பார்.

எனக்கு அந்தக் குரல் நன்றாக நினைவிருக்கிறது. இங்கே முதல் குளிர்காலத்தில் அதை மனதுக்குள் போட்டுப் போட்டுத்தான் தூங்கினேன். சற்றே மூக்கால் வரும். ‘வாங்க’வை இழுக்கும்போது ஒரு பெருந்தன்மை. கேட்கிறவனுக்குத் தான் முக்கியமானவன் என்று தோன்றும். அப்படிப்பட்ட குரல் யாருக்கும் எளிதில் அமையாது. பதிவு செய்த நாள் நினைவிருக்கிறதா? பாதிச் சொல்லில் சிரித்துச் சிரித்து எத்தனை தடவை கெடுத்தான்! கடைசியில் ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லி முடித்தான். அந்த ஒரு தடவைதான் எனக்கு வேண்டும். லுஜைனுக்கு வேண்டும்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். சிடியை மட்டும் எடு.

பிஷ்ர்

*

டமாஸ்கஸ், 24 ஏப்ரல் 2025

பிஷ்ருக்கு,

ஈஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்து போனேன். மேடம் வார்தூஹி இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். மற்றதெல்லாம் முன்பைவிடக் கூர்மை. முன்னறையில் பின்னல் துணி போர்த்திய ஒரு மேசை. அதன்மேல் பூந்தொட்டி. மேசைக்கு மூலைகள் சற்று அதிகமாகத் தெரிந்தன. துணியைத் தூக்கினேன். நம் பெட்டி.

“குப்பையில போட்டுட்டேன்னு சொன்னீங்களே மேடம்?”

“சொன்னேன். பொய். அந்த வருஷம் ஊரே பொய் சொல்லிச்சு, நான் ஒருத்தி சொல்லக் கூடாதா?”

“உங்களுக்கு ஆபத்து வரக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நான் வந்தேன்.”

“என் வீட்டுக்காரர் போனப்புறம் காலையில எழுந்தா ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டுல இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதை அழிக்கறேன்னு வந்து நின்னே. நீ என்ன மனுஷன்டா?”

ஈஸ்டர் ரொட்டி கொடுத்தார். சாப்பிட்டேன்.

பெட்டி செத்துவிட்டது. போர் நடந்த ஏதோ ஒரு வருடத்தில் கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆனால் நாம் விற்கும்போது கூடவே கொடுத்த சிடி இருந்தது. பூந்தொட்டிக்கு அடியில், ஈரம் கசியாமல் இருக்க. மேலே ஃபாயிக்கின் கையெழுத்தில் கடையின் பெயர். எழுத்துகளுக்கு நடுவில் தொட்டியின் வட்டக் கறை.

கடைக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குரல் கோப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் நகல் எடுக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, கடவுச்சொல் போட்டிருக்கிறான். திருட்டுச் சிடியைத் திருடர்களிடமிருந்து பூட்டிவைத்தவன் உலகத்தில் ஃபாயிக் ஒருவன்தான். நிறுவினால் தானாக அவிழும், வேறு வழியில்லை. ஆக, உன் நிலவறைக் கூட்டத்தார் போல நானும் நிறுவ உட்கார்ந்தேன்.

லுஜைனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மேடம் வீட்டில் தேடச் சொன்னதை நீ பெருநாளன்றே போன் செய்து சொல்லிவிட்டாய். வேலை முடிந்து நேராக வந்துவிட்டாள். வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. பழைய மானிட்டரின் எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீலப் பட்டை நகர்ந்தது.

“இது எப்பவுமே இவ்வளவு மெதுவா, சாச்சா?”

“உங்கப்பா காலத்துல இதைத்தான் நாங்க வேகம்னு வித்தோம்.”

“அப்ப காத்திருக்கற நேரத்துல என்ன செய்வீங்க?”

“பார்ப்போம்.”

“எதை?”

“இதைத்தான்.”

அவளும் பார்த்தாள். எங்களோடு அவள் அப்பா எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படியே, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. யாரும் சொல்லித் தந்திருக்க வழியில்லை.

சிடியின் கறை விழுந்த இடத்தில் பட்டை நின்றது. சிடி படிக்கும் லென்ஸைக் கொலோனால் துடைத்தேன். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை கறையைத் தாண்டியது, மின்சாரம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. கார் பேட்டரி ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன்.

மிக்தாத்

*

பிரேமன், 8 மே 2025

மிக்தாத்,

அவசரமாக எழுதுகிறேன், மாமியாருக்கு விமானம். நிறுவி முடித்தாலும் ஒலி வராது. சவுண்ட் கார்டுக்குத் தனி டிரைவர் தேவைப்படும், மறந்துவிடாதே. அந்தக் காலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காரும்போதுதான் ஒலி வரவில்லை என்று தெரியும்.

இன்னொன்று. நீ தனியாக முதலில் கேட்டுப் பார்க்காதே. அது அவளுடையது. அவள் இருக்கும்போது போடு.

பிஷ்ர்

*

டமாஸ்கஸ், 2 ஜூன் 2025

பிஷ்ருக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். செய்திருக்கக் கூடாது.

போன வியாழன் பேட்டரி தாங்கியது. பட்டை கடைசிவரை ஓடியது. பெயர் கேட்கவில்லை. பச்சைத் திரை வந்தது, ஒலி வரவில்லை. டிரைவர் ஃப்ளாப்பியை மூன்று கடைகளில் தேடி நான்காவது கடையில் கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகியிருந்ததைப் பிடுங்கிவந்தேன். போட்டேன். லுஜைன் சொன்னாள்: “சாச்சா, கொஞ்சம் இருங்க.” அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “இப்பப் போடுங்க.”

கணினியை மறுபடி தொடக்கினேன்.

“வாங்க வாங்க! செருப்பைக் கழட்ட வேணாம், காப்பி அடுப்புல இருக்கு!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

“இது பிஷ்ர் சாச்சா.”

“இல்லம்மா. உங்கப்பா.”

“பெருநாளைக்குப் பெருநாள் போன்ல கேக்கறேன், சாச்சா. ‘வாங்க’வை இப்படித்தான் இழுப்பாரு. இது பிஷ்ர் சாச்சாதான். வயசுதான் கொஞ்சம் கம்மி.”

மறுபடி போட்டேன். நீதான். சற்றே மூக்கால் வருகிறது. இழுக்கும்போது ஒரு பெருந்தன்மை. கேட்கிறவனுக்குத் தான் முக்கியமானவன் என்று தோன்றுகிறது. நீ எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது நினைவுக்கு வருகிறது. அவனால் சிரிக்காமல் சொல்லவே முடியவில்லை. நீ மைக்கைப் பிடுங்கி, “போடா, நான் சொல்றேன்” என்றாய். சிடி அவனுடையது, யோசனை அவனுடையது, பெயர் அவனுடையது. ஆகவே குரலும் அவனுடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு நாமும் நினைக்கத் தொடங்கினோம். நான் வீடு வீடாகப் போய் அழித்ததெல்லாம் உன்னை, பிஷ்ர். அதற்குத்தான் நீ என்னோடு பேசாமல் இருந்தாய்.

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை” என்றாள். போட்டேன். “பின்னால யாரோ சிரிக்கறாங்க.”

உண்மைதான். ‘அடுப்புல இருக்கு’ என்று நீ முடிக்கும் இடத்தில், உன் குரலுக்கு அடியில், ஒரு சிரிப்பு தொடங்குகிறது. தொடங்கியதும் பதிவு அறுந்துவிடுகிறது.

“யாரு அது?”

அறையில் இருந்தது நாம் மூன்று பேர். பேசுவது நீ. “உங்கப்பா” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அதன் பிறகு அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் உன் பேச்சு முழுவதையும் கேட்டால்தான் சிரிப்பு வரும். பேட்டரி விளக்கு சிவப்பானது. “ஒழுங்கா அணைச்சிடும்மா, இல்லேன்னா கெட்டுடும்” என்றேன். அணைத்தாள். அந்த ஆரஞ்சு எழுத்து வந்தது. வாய்விட்டுப் படித்தாள்: “இப்போது உங்கள் கணினியை அணைப்பது பாதுகாப்பானது.”

“உங்கப்பா இதைப் பார்க்கறப்ப எல்லாம் ஒண்ணு சொல்வான்” என்றேன். “இந்த ஊர்ல பாதுகாப்புன்னு எழுதிக் குடுக்கறது இது ஒண்ணுதான்னு.”

“அப்பா நம்பினாரா?”

“நம்பித்தானே பேரைப் போட்டான்.”

போய்விட்டாள். நாளை வருகிறேன் என்றாள். வருகிறாள். தினமும் வருகிறாள். வேலை முடிந்ததும் வந்து, கேட்டுவிட்டுப் போகிறாள்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். அந்தச் சிரிப்பு யாருடையது? என்னுடையதாகவும் இருக்கலாம். நானும் அங்கேதான் இருந்தேன். நான் எப்படிச் சிரிப்பேன் என்று எனக்கு நினைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் சமீபத்திய மாதிரி எதுவும் இல்லை. அவிழ்ந்த குரல் கோப்பின் நகலை ஒரு சிடியில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். உனக்கு எங்கள் இருவர் சிரிப்பும் தெரியும். கேட்டுவிட்டு உண்மையைச் சொல். என்னுடையதாக இருந்தால் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மிக்தாத்

*

பிரேமன், 29 ஜூன் 2025

மிக்தாத்துக்கு,

இருபது வருடத்துக்கு மேலாக என் குரலை நானே நேசித்து வந்திருக்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அது அவளுக்கு முன்பே தெரியுமாம்.

நிலவறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டீட்டர் விசாரித்தான். உடம்பு சரியில்லை என்றேன். அடுத்த வாரம் விண்டோஸ் 95 போடுகிறார்களாம். எனக்காக ஒரு பெட்டியை எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னான்.

ஹஜ் பெருநாளன்று லுஜைனோடு பேசினேன். நான் ‘ஹலோ’ சொன்னதும், ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்றாள். என்னை அவள் இனி வேறு மாதிரி கேட்பாள். பிறகு, நீ என்னிடம் கேட்டதையே அவளும் கேட்டாள்.

“அந்தச் சிரிப்பு அப்பாவோடதுதானே, சாச்சா?”

“ஆமாம்மா.”

“மிக்தாத் சாச்சாவோடது இல்லையே?”

“அவனா? அவன் என்னிக்குமே சிரிச்சதில்லையே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

உனக்கும் அதையே எழுதுகிறேன். அந்தச் சிரிப்பு ஃபாயிக் அத்தாருடையது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. யாரும் ஏற்றாமல், என் கையால், என் பெயரைப் போட்டே எழுதுகிறேன். அவள் கேட்டால் காட்டு.

நீ அனுப்பிய சிடி பத்திரமாக வந்து சேர்ந்தது. உறையை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன்.

பிஷ்ர் கய்யாலி